வெட்டாமல் விட்ட சொல்

அந்தக் குரற்செய்தியின் நீளம் நாற்பத்தொரு விநாடி. அனுப்புவதற்கு முன்னர் அதை நான் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை நேரம் பிழையாக இருந்தது. கூட்டம் பன்னிரண்டேகாலுக்கு, செய்தியில் பன்னிரண்டரை என்று வந்திருந்தது. திருத்தச் சொன்னேன், திருத்தினார். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு, "சரி அண்ணை, அனுப்புங்கோ" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடங்கள் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். நிருபர்கள் அனுப்புவதை வாசித்து, வெட்டி, பக்கத்துக்குள் அடக்குவது என் வேலை. ஒரு வரியில் ஆகாத சொல் எது என்று யோசிக்காமலே கை போய்விடும். அந்த நாற்பத்தொரு விநாடிக்குள் ஆகாத சொல் ஒன்று இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் எனக்குக் கேட்டது.

இப்போது நான் சுவிஸில், பிரெஞ்சு பேசும் பக்கத்தில், ரெனான் என்ற ஊரில் இருக்கிறேன். அங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடங்களாகத் துப்புரவு வேலை செய்கிறேன். பெயரை எழுதவில்லை, எங்கள் ஆட்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். அதிகாலை நாலரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். எங்கள் அணியில் பாதிப்பேர் தமிழர், மற்றப் பாதி பெரும்பாலும் போர்த்துக்கேயர். தமிழர்களில் மூத்தவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், அறுபது வயது. ஐம்பத்துநாலு வயதான என்னைத் "தம்பி" என்பார். நாங்கள் எல்லோரும் அவரை "அண்ணை" என்போம்.

இரண்டாம் மாடியில் எனக்குப் பொறுப்பான விரிவுரை மண்டபம் ஒன்று இருந்தது. வியாழக்கிழமைகளில் அதன் கரும்பலகையை அழிப்பதற்கு எனக்கு மற்ற நாட்களைவிடக் கூடுதலான நேரம் எடுத்தது. புதன்கிழமை பின்னேரங்களில் அங்கே கறுப்பின மக்களின் வரலாறு பற்றிய பாடம் நடக்கும். அதைக் கற்பித்தவர் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயதுப் பெண். இந்த நாட்டிலேயே பிறந்தவர், பெற்றோர் கொங்கோவில் இருந்து வந்தவர்கள். ஒரு வாரம் பலகையில் ஒரு கப்பலின் வரைபடம் இருக்கும். இன்னொரு வாரம் துணி அச்சிடும் கட்டைகளின் படம் இருக்கும்: நம் சோழமண்டலக் கரைத் துணியைப் பார்த்து இந்த நாட்டுப் பட்டறைகளில் அச்சிட்ட துணி, ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்குவதற்குக் கொடுக்கப்பட்டது. ஒரு வியாழன் காலை, பலகை முழுவதும் ஒரு பட்டியல். ஆண், ஆண், பெண், ஆண், பெண் குழந்தை, ஆண். பெயர்கள் இல்லை. கீழ் மூலையில் இடம் போதாமல் கடைசி இரண்டு சொற்களும் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தன.

நான் ஈரத்துணியுடன் நின்றேன். போரில் செத்தவர்கள், காணாமற்போனவர்களின் பட்டியல்களைப் பக்கத்தில் போட்ட பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் பத்திரிகையில் அவை பெயர்களோடு வந்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்த ஆசிரியை அன்றைக்கு வேளைக்கே வந்துவிட்டார். கதவருகே பையுடன் நின்று என்னைப் பார்த்தார்.

"அழியுங்கள். அடுத்த வருடம் திரும்ப எழுதுவேன்" என்றார் பிரெஞ்சில்.

அழித்தேன். எங்களுக்குள் பழக்கம் தொடங்கியது அப்படித்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பிரச்சினை வந்தது. எங்களை வேலைக்கு வைத்திருந்த துப்புரவு நிறுவனம், ஒரு மாடியை மூன்று மணித்தியாலத்துக்குப் பதிலாக இரண்டரை மணித்தியாலத்தில் முடிக்கவேண்டும் என்றது. சிண்டிக்கா, அதாவது தொழிற்சங்கம், எங்களுக்காக நின்றது. மூன்று காலைகள் வாசலில் வேலைக்குப் போகாமல் நின்றோம். அந்த மூன்று காலைகளிலும் ஐந்து மணிக்கு அந்த ஆசிரியை வந்தார். அவரும் அதே சங்கத்தின் உறுப்பினர், ஆசிரியர் பிரிவில். ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தார். அண்ணை அவருக்கு "சுகமோ" என்று கேட்கப் பழக்கினார். நிறுவனம் பின்வாங்கியது. அன்றிலிருந்து அண்ணைக்கு அவர் "எங்கட பிள்ளை".

அடுத்த வருட மாசி மாதத்தில் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. அதனுடன் அவருடைய வேலையும் போகும். அவருடைய ஒப்பந்தம் அந்த ஒரு பாடத்துக்கானது. கடிதத்தின் பிரதி ஒன்றைச் சங்கச் செயலாளர் எனக்குக் காட்டினார். ஒன்றரைப் பக்கம், ஒழுங்கான எழுத்து. முன்னுரிமைகளை மீளாய்வு செய்ததாகவும் பாட அட்டவணையில் இடம் போதாது என்றும் இருந்தது. பீடத்தின் சபை ஒரு வியாழக்கிழமை மதியம் கூடி முடிவு எடுக்கும். பேசுவதற்கு அவருக்குப் பத்து நிமிடம். அந்த நேரத்தில் வெளியே எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்பது முக்கியம் என்றார் செயலாளர். சபையில் இருப்பவர்கள் யன்னல் வழியாகப் பார்ப்பார்கள்.

தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தரும்படி கேட்டார். எழுதினேன். "கறுப்பின மக்களின் வரலாற்றுப் பாடநெறியைப் பாதுகாப்போம்" என்று தலைப்பு. நாலு பந்தி, எழுத்துப்பிழை இல்லை. உடைமாற்றும் அறையின் சுவரில் ஒட்டினேன். ஒரு கிழமைக்குப் பிறகு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டபோது வருவதாக இரண்டு பேர் தான் சொன்னார்கள், ஒருவர் நான்.

அண்ணை அதன் முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.

"தம்பி, இது பேப்பர் மாதிரிக் கிடக்கு."

"பின்ன எப்பிடி எழுதுறது?"

"எழுதினா ஒருத்தரும் வாசியாயினம். நான் கதைச்சு விடுறன். குறூப்பில போடுவம்."

தும்புத்தடிகளும் வாளிகளும் வைக்கும் அறைக்குள் போய், சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் பேசியது இதுதான்: "எல்லாருக்கும் வணக்கம். எங்கட அந்தக் காப்பிலிப் பிள்ளையின்ர படிப்பிப்பை நிப்பாட்டப் போறாங்களாம். எங்களுக்குப் பிரச்சினை வரேக்க விடிய ஐஞ்சு மணிக்கு வந்து தேத்தண்ணி ஊத்தினது ஆர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சொந்தக்காரரே வரேல்ல. அந்தக் காப்பிலிப் பிள்ளை வந்தது. வியாழக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு ஒருத்தரும் சாட்டுச் சொல்லாமல் வாங்கோ. வராத ஆக்கள் பிறகு என்னோட கதைக்க வரவேண்டாம்."

கறுப்பினத்தவரைச் சொல்ல வழங்கும் காப்பிலி என்ற சொல்லை எங்கள் ஊர்களில் கேளாதவர் இல்லை. அதில் பகை இருப்பதாக அண்ணை நினைக்கவில்லை. பிள்ளை என்ற சொல்லுடன் சேர்த்துத்தான் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தளும்பியது. அதை வெட்டச் சொன்னால் ஏன் என்று கேட்பார். விளக்க வேண்டும். விளக்கினால் அந்தக் குரல் போய்விடும், இன்னொரு துண்டுப்பிரசுரம் தான் மிஞ்சும். இவ்வளவையும் அந்த அறைக்குள் நின்று கணக்குப் பார்த்தேன். நேரத்தை மட்டும் திருத்தினேன்.

வியாழக்கிழமை மழை தூறியது. சுவிஸ் வழக்கப்படி அனுமதி எடுத்த இடத்தைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள்; பதினைந்து மீற்றர் நீளம். ஆசிரியர்கள் ஒன்பது பேர் நின்றார்கள். மாணவர்கள் முப்பது பேரளவில். துப்புரவுப் பக்கத்தில் இருந்து இருபத்தாறு பேர், அதில் பத்தொன்பது தமிழர். சிலர் மற்ற வேலையில் இருந்து லீவு போட்டு வந்திருந்தார்கள். அண்ணை சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். செயலாளர் என் தோளில் தட்டி, "உங்கள் பிரசுரம் வேலை செய்திருக்கிறது" என்றார்.

ஆசிரியை பன்னிரண்டு இருபதுக்கு வந்தார். கையில் தாள்கள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எங்கள் அணியில் வேலை செய்யும் ஓர் அக்கா முன்னே போய் அவருடைய கையைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துக்காரி, சிரிக்காமல் பகிடி விடுகிற ஆள்.

"மதாம், இவ்வளவு பேரும் தானா வந்தவை எண்டு நினைக்காதேங்கோ. எங்கட அண்ணை வெருட்டித்தான் வந்தவை. கேளுங்கோ" என்று பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் சொல்லிவிட்டு, கைபேசியை உயர்த்திக் குரற்செய்தியைப் போட்டார்.

தடுக்க எனக்கு மூன்று நான்கு விநாடி இருந்தது. நான் அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். "வராத ஆக்கள் பிறகு என்னோட கதைக்க வரவேண்டாம்" என்ற இடத்தில் ஒருவர் கை தட்டினார். ஆசிரியையும் சிரித்த முகத்துடன் தான் கேட்டுக்கொண்டு நின்றார். முதல் தடவை அந்தச் சொல் வந்தபோது முகம் மாறவில்லை. இரண்டாவது தடவை மாறியது.

செய்தி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பது வழக்கமாக நான் தான்.

"அந்தச் சொல் என்ன?" என்று கேட்டு, அதைச் சொன்னார். உச்சரிப்பு ஏறத்தாழச் சரி.

"பழைய சொல். கறுப்பு என்று பொருள்" என்றேன்.

"கறுப்பு என்று பொருள் இல்லை." குரலை உயர்த்தவில்லை. "உங்கள் மொழி எனக்குத் தெரியாது. இந்தச் சொல் தெரியும். நாலாவது வாரம் நான் இதைக் கற்பிக்கிறேன்."

அண்ணை அங்கிருந்து கொடியை ஆட்டி, "சுகமோ" என்று கூப்பிட்டார். அவர் அண்ணையைப் பார்த்தார். கையை உயர்த்தினார். பிறகு படியேறி உள்ளே போனார்.

பேசுவதற்கு அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். உள்ளே இருந்த ஒருவர் பின்னர் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்: நாலு நிமிடம் பேசினார், நடுவில் தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு நன்றி சொல்லித் தன் இருக்கையில் இருந்துவிட்டார். மிச்சம் ஆறு நிமிடத்தையும் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. முழு நேரமும் பேசியிருந்தாலும் முடிவு மாறியிராது என்று செயலாளர் சொன்னார். அப்படியும் இருக்கலாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன். பாடம் அந்தத் தவணையோடு நிறுத்தப்படும் என்று முடிவானது. வெளியே நின்றவர்களில் அதன் காரணம் பற்றி அதிகம் யோசித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் காலை உடைமாற்றும் அறையில் அண்ணையிடம் சொன்னேன்.

"அண்ணை, அந்தச் சொல்லு கூடாத சொல்லு."

"எந்தச் சொல்லு?"

சொன்னேன்.

"அது கூடாததோ? ஊரில எல்லாரும் சொல்றதுதானே. பின்ன அவையளை என்னெண்டு சொல்றது?"

"கறுப்பினத்தவர் எண்டு."

"அது நீ ஒட்டின நோட்டீசில கிடந்தது. ஒருத்தரும் வரேல்லையே."

"ஓம்."

சப்பாத்து நூலைக் கட்டி முடித்தார். நிமிரவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு விளங்கினதோ?"

"ஓம்."

"நீ பக்கத்தில நிண்டனி. நேரம் பிழையெண்டு சொன்னனி. இதை ஏன் சொல்லேல்ல?"

நான் கையுறைகளை எடுத்தேன்.

"என்னைத் தூசணம் கதைக்க விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய்" என்றார். பிறகு அன்று முழுவதும் என்னுடன் கதைக்கவில்லை. அதற்கு அடுத்த கிழமை முழுவதும் கதைக்கவில்லை.

ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்க அண்ணை தனியாகப் போனார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் அண்ணைக்கு வேலைப் பிரெஞ்சு மட்டும் தான் தெரியும். "மதாம், பார்தோன், சொல்லு நல்லமில்லை, நான் தெரியாது" என்ற அளவில் சொன்னதாக அந்த அக்கா எனக்குச் சொன்னார். அவர் அண்ணையை இருக்கச் சொல்லி, கோப்பி வாங்கிக் கொடுத்து, கடைசி வகுப்புக்கு வரும்படி கேட்டிருக்கிறார்.

கடைசி வகுப்பை மண்டபம் நிரம்ப நடத்தவேண்டும் என்று சங்கம் எல்லா உறுப்பினர்களையும் கேட்டது. வைகாசி முடிவில் ஒரு புதன்கிழமை. எங்களில் பன்னிரண்டு பேர் போனோம். நாங்கள் துடைக்கிற மேசைகளில் இருந்தோம். அண்ணை மாதா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சேட்டுப் போட்டு, என் பக்கத்தில் வந்து இருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆசிரியை நாலாவது வாரப் பாடத்தையே திரும்ப எடுத்தார். பலகையில் ஒரு சொல்லின் நாலு வடிவங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். முதலாவது, அரபு வணிகர்கள் தங்கள் மதத்தைச் சேராதவர்களுக்குச் சொன்ன காஃபிர். போர்த்துக்கேயர் அதை எடுத்துக் கிழக்காப்பிரிக்காவில் தாங்கள் பிடித்தவர்களுக்கு வைத்தது. அந்த மனிதர்களோடு கப்பலில் இலங்கைக்கு வந்து சிங்களத்தில் வழங்குவது. நாலாவது, எங்களுடையது. இந்தச் சொல்லை எழுத்தில் மட்டுமே கண்டிருந்ததாகவும், இந்த வருடம் தான் உயிரோடு கேட்டதாகவும் மாணவர்களுக்குச் சொன்னார். யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்பதையும் மறைக்கவில்லை. பிறகு அண்ணையைப் பார்த்து, முதலில் எங்கே கேட்டீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

அண்ணை எழும்பி நின்றார். "சின்னனில, சாப்பிடாட்டி அம்மா சொல்லுவா. காப்பிலி வருவான், தூக்கிக்கொண்டு போவான் எண்டு."

மொழிபெயர்த்தேன். ஒரு மாணவன் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"அவன் ஒருக்காலும் வரேல்ல" என்றார் அண்ணை. "வந்து தூக்கிக்கொண்டு போனது வேற ஆக்கள். என்ர தம்பியையும் கொண்டு போனவங்கள்."

அதையும் மொழிபெயர்த்தேன். அவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. பதினோரு வருடம் ஒரே அணி. அண்ணை திரும்பத் தன் இடத்தில் இருந்தார்.

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பத்திரிகையில் இருந்தவர். இந்தச் சொல்லை அச்சிட்டிருக்கிறீர்களா?"

இல்லை என்றேன். அது உண்மை. எங்கள் பத்திரிகையில் அந்தச் சொல் வந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த மனிதர்களும் வந்ததில்லை. இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மிச்சத்தையும் சொன்னேன்.

புத்தளத்தில் இருந்து எங்களுக்கு எழுதிய நிருபர் ஒருவர், அந்தப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழும் சில குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஐந்து தாள், நீல மை, சரிந்த எழுத்து. அந்தக் குடும்பங்கள் பாடும் பாட்டு ஒன்று உண்டு, அது சிதைந்த போர்த்துக்கேயம், பாடுகிறவர்களுக்கே முழுப் பொருள் தெரியாது என்று எழுதி, அதில் நாலு வரியைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருந்தார். வாசகருக்கு விளங்காது என்று அந்த நாலு வரியைத்தான் முதலில் வெட்டினேன். பிறகு ஐந்து தாளை இரண்டாக்கினேன். பக்கம் கட்டும்போது அதற்கும் இடம் இருக்கவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அவர் திரும்ப அனுப்பினார். எழுத்தைப் பார்த்தே தெரிந்தது, பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தேன். மூன்றாம் தடவை அவர் அனுப்பவில்லை. அலுவலகம் இடம் மாறியபோது அந்த மேசை எங்களோடு வரவில்லை.

ஆசிரியை ஒன்றும் குற்றம் சொல்லவில்லை. கட்டுரையில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டார். தாள்களின் எண்ணிக்கை தெரியும். மையின் நிறம் தெரியும். ஊர்ப்பெயரைச் சொன்னேன், அதுவும் சரிதானோ என்று சந்தேகம். குடும்பங்களின் பெயர் ஒன்றும் நினைவில் இல்லை.

"பாட்டு?" என்றார். "ஒரு சொல்? அரைச் சொல்?" சோக்கைக் கையில் எடுத்து, நாலு வடிவங்களுக்குப் பக்கத்தில் வெறுமையாய் இருந்த இடத்தில் நின்றார்.

யோசித்தேன். மண்டபம் முழுவதும் பொறுத்திருந்தது. வெட்டும்போது கோடு இழுத்தது நினைவு வந்தது. இடமிருந்து வலமாக, அளவுகோல் வைக்காமல். கோட்டுக்குக் கீழே இருந்தது வரவில்லை.

"ஆறுதலா யோசி, தம்பி" என்றார் அண்ணை மெதுவாக. "அவ நிக்கிறா தானே."

அடுத்த வகுப்பு மாணவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நேரம் முடிந்துவிட்டது. அவர் சோக்கை வைத்துவிட்டு, வந்ததற்கு எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

இப்போது அவர் வேறொரு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். பொது வரலாறு. சங்கம் இன்னும் கடிதங்கள் எழுதுகிறது. கடைசிப் பதிலில் விடயம் முடிந்துவிட்டதாக இருந்தது. எனக்கு ஏதாவது நினைவு வந்தால் அனுப்பும்படி அவர் தன் முகவரியைத் தந்திருந்தார். வேலை செய்யும்போது, படிக்கட்டில் தண்ணீரை இழுத்து விடும்போது, சில அசைகள் வாய்க்கு வருகின்றன. கையில் இருக்கும் கடதாசியில் எழுதிவைத்து அனுப்புகிறேன். இதுவரை ஏழு தடவை அனுப்பிவிட்டேன். அவற்றில் இரண்டு போர்த்துக்கேயச் சொற்கள் தான் என்று அவர் தேடிப் பார்த்து எழுதியிருக்கிறார். அவை அந்தப் பாட்டில் இருந்து வந்தனவா, எங்கள் மாடியில் வேலை செய்யும் போர்த்துக்கேயப் பெண்கள் கதைப்பதில் இருந்து வந்தனவா என்றும் கேட்டிருக்கிறார். அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.